பக்கத்து வீட்டுப் பீலித் தண்ணீர்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நலன்புரி உத்தியோகத்தர்களாகிய எம்மிடம் வரும் முறைப்பாடுகளில் ஒரு வகை மட்டும் மாறுவதில்லை. "அடுத்த காம்பராக்காரர் போட்ட பீலியிலருந்து தண்ணி எங்க அடுப்படிக்குள்ள வருது", "நடுச்சுவருல பலகை அடிச்சி எங்க பக்கம் சாந்து கொட்டுது", "வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டுட்டாங்க" என்பவையே அவை.

கேட்பதற்கு இவை சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் ஒரு துண்டுத் தகரத்தில் ஆரம்பித்த சண்டை பொலிஸ் வரை போய், பிறகு இரண்டு குடும்பமும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போகாமல் வருடக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம்! ஆகவே இப்படிப்பட்ட பிரச்சினை வந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை இம்முறை விளக்குகிறோம்.

அது யாருக்குச் சொந்தம்?

லயத்தில் குடியிருப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுச்சுவர், கூரைத் தகரம், லயத்தைச் சுற்றி ஓடும் கான் எல்லாம் தோட்டத்தைச் சேர்ந்தவை. மூன்று தலைமுறையாக அதே காம்பராவில் இருந்தாலும், "இது எங்க சுவர்" என்று இரண்டு பக்கத்தாரில் எவரும் உரிமை பேச முடியாது. ஆகவே நடுச்சுவரில் துளை போடுவதாக இருந்தாலும், கூரையை நீட்டுவதாக இருந்தாலும் முதலில் நிர்வாகத்துக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்ல வேண்டும்.

அதேநேரம், ஒருவர் தன் காசில் வாங்கிப் பூட்டிய பீலி, பலகை, வேலிக் கம்பி என்பன அவருடைய பொருட்கள். அவை பிழையான இடத்தில் இருந்தாலும் நாம் பிடுங்கி எறியக்கூடாது. அடுத்தவர் பொருளை வேண்டுமென்று சேதப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். நியாயம் நம் பக்கம் இருந்தும், கத்தியை எடுத்து வேலியை வெட்டியதால் பொலிசில் குற்றவாளியாக நிற்க வேண்டிய நிலை வரலாம்.

புதிய தனி வீடுகளில் விஷயம் வேறு. பல வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி ஒதுக்கப்பட்டது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அப்படியானால் 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,906 சதுர அடி. இங்கே எல்லையைக் காட்டுவது நில அளவைப் படமும் எல்லைக் கல்லும்தான். வேலி காலத்துக்குக் காலம் நகரும், கல் நகராது. கல்லைப் பிடுங்குவதும் இடம் மாற்றுவதும் குற்றம். வேலிச் சண்டை வந்தால் முதலில் படத்தை எடுத்து, இரண்டு வீட்டாரும் சேர்ந்து கல்லைத் தேடிப் பாருங்கள்.

தண்ணீருக்கு என்ன நியாயம்?

மேட்டு நிலத்திலிருந்து இயற்கையாக ஓடி வரும் மழைத் தண்ணீரைக் கீழே இருக்கும் காணி ஏற்கத்தான் வேண்டும். இது எமது நாட்டுக் காணி வழக்குகளில் பின்பற்றப்படும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. ஆனால் கூரைத் தண்ணீரைப் பீலியில் சேர்த்து, ஒரே இடமாக அடுத்தவர் நிலத்தில் விழ விடுவதற்கு, அவரது சம்மதமோ நீண்டகால உரிமையோ இல்லாமல் யாருக்கும் அனுமதி இல்லை.

இது ஏன் என்று ஒரு கணக்குப் பார்த்தால் விளங்கும். 20 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லீட்டர் தண்ணீர் சேரும். 20 லீட்டர் வாளியில் அள்ளினால் 50 வாளி! எமது மலைப் பகுதிகளில் ஒரே நாளில் இவ்வளவு மழை பெய்வது புதுமையல்ல. கூரை முழுவதும் பரவி விழ வேண்டிய அந்த 50 வாளித் தண்ணீரை ஒரே மூலையில் கொட்டினால் பக்கத்து வீட்டு அத்திவாரம் கரையும், சுவர் ஓதம் பிடிக்கும். பிள்ளைகளுக்குச் சளியும் இருமலும் வரும்.

கானை அடைப்பது இன்னும் மோசம். சரிவில் இருக்கும் லயத்தில் கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் ஊறும். மண்ணில் தண்ணீர் ஊறி நிறைவது மண்சரிவுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயன்களை மண் மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. ஆகவே கானைப் பற்றிய சண்டையில் "என் பக்கம், உன் பக்கம்" என்று பார்க்கக்கூடாது. அது முழு லயத்தின் பாதுகாப்பு.

எப்படிப் பேசுவது?

பேசும் நேரமும் பேசும் விதமும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். சம்பள நாள் இரவில், குடித்திருக்கும் ஒருவரிடம் பேசப் போக வேண்டாம். தண்ணீர்க் குழாயடியில், நாலு பேர் முன்னாலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டு ஆண்களும் பெண்களும் இருக்கும்போது போங்கள். மழைத் தண்ணீரை வழித்து ஊற்றுவது பெரும்பாலும் பெண்களே. எனவே அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது சரியல்ல.

"ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்று தொடங்கினால் அது சண்டைக்கு அழைப்பு. "அக்கா, மழை பெய்யிறப்ப ஒருக்கா வந்து எங்க அடுப்படியைப் பாருங்க, தண்ணி எப்படி வருதுன்னு" என்று கூப்பிட்டால், அவரே வந்து கண்ணால் பார்ப்பார். பீலி போட்டவர் பலருக்குத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பதே தெரியாது.

பார்த்த பிறகு "யார் பிழை?" என்று கேட்பதை விட, "தண்ணியை எந்தப் பக்கம் திருப்பலாம்?" என்று கேளுங்கள். பீலியின் சாய்வை மறுபக்கம் மாற்றலாம். பீலியின் நுனியிலிருந்து கான் வரை ஒரு குழாய் பூட்டலாம். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு பீப்பாயை வைத்து இரண்டு வீட்டாரும் துணி துவைக்கப் பாவிக்கலாம். செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்.

எழுதி வையுங்கள்

பேசி முடித்ததை ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. "பீலியின் வாயை இம்மாதம் 30ஆம் திகதிக்குள் கானுக்குத் திருப்புவது. குழாய்ச் செலவு இரண்டு வீட்டாருக்கும் பாதி பாதி. கானைக் கிழமைக்கு ஒரு வீட்டார் மாறி மாறித் துப்பரவு செய்வது" என்று மூன்று வரி போதும். இரண்டு பக்கமும் கையொப்பம் வைத்து, சாட்சிக்கு ஒருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு "நான் அப்படிச் சொல்லல" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பேசியும் சரிவரவில்லையா? தோட்டத் தலைவர், மாதர் சங்கத்தினர், நலன்புரி உத்தியோகத்தர் ஆகியோரில் இரண்டு பக்கமும் நம்பும் ஒருவரை நடுவில் வையுங்கள். சுவர், கூரை, கான் சம்பந்தப்பட்டதாக இருந்தால் தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை உங்களிடம் வையுங்கள். வாயால் சொன்னது மறந்து போகும்; கடிதம் இருந்தால் திகதியைக் காட்டிக் கேட்கலாம்.

மத்தியஸ்த சபை

அதற்கும் முடியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இச்சபைகள் அமைக்கப்பட்டன. உங்கள் பகுதிச் சபையின் தவிசாளருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். எங்கே கொடுப்பது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்கலாம். சபைகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு தினங்களில் கூடுவதால் பேர் விழாமல் போய் வரலாம். அங்கே உங்களுக்காக லோயர் பேச முடியாது. லோயர் செலவும் இல்லை. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு பக்கத்தையும் கேட்டு, இருவரும் ஒத்துக்கொள்ளும் முடிவைத் தேட உதவுவார்கள். இணக்கம் வந்தால் எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். சபைக்குப் போக வேண்டிய பிணக்குகளில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. ஆகவே சபைக்குப் போவது வீண் அலைச்சல் அல்ல.

எப்போது பொறுக்கக்கூடாது?

அடிதடி, கத்தி, மிரட்டல் என்று வந்தால் மத்தியஸ்தம் பேசிக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே பொலிசுக்கு அறிவியுங்கள். அவசர இலக்கம் 119. நடுச்சுவர் வழியாக யாராவது களவாக மின்சாரக் கம்பி இழுத்திருந்தாலும் அப்படித்தான். அதை நீங்கள் தொடவும் வேண்டாம், "நமக்கேன் வம்பு" என்று பார்க்காமல் இருக்கவும் வேண்டாம். அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ அந்தக் காம்பராவோடு நிற்காது.

மேற்கு மலைச்சரிவுத் தோட்டங்களில் மே மாதம் பெருமழை தொடங்கும். ஊவாப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிறு ஒதுக்கி, உங்கள் லயத்துப் பீலியும் கானும் எங்கே போய் முடிகின்றன என்று இரண்டு பக்கத்து வீட்டாரோடும் நடந்து பாருங்கள். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நாம் தட்டுவது அந்தக் கதவைத்தான். அது நமக்குத் திறக்கும் கதவாகவே இருக்கட்டும்.