ஒரே ஃபைபர், ரெண்டு வேலை: கேபிள் டிவியில கேட்ட படம் வர்ற கதை

இன்னைக்கு எபிசோடு, என் மாமாகிட்ட நான் வாங்கின திட்டுல இருந்து ஆரம்பிக்குது.

மாமா தாம்பரம் பக்கம் கேபிள் ஆபரேட்டர். இருபது வருஷத்துக்கு மேல அதே ஏரியா. ஒரு காலத்துல 600 வீடு, இப்ப 300 சொச்சம். விட்டுப் போனவங்கள்ல பாதிப் பேர் சொன்ன காரணம் ஒண்ணுதான்: "அண்ணே, நாங்க போன்லயே படம் பார்த்துக்கறோம்." அதனால சில வருஷமா இன்டர்நெட்டும் குடுக்கறார். மேல ஒரு கம்பெனிகிட்ட 500 எம்பிபிஎஸ் லைன் எடுத்து, 110 வீட்டுக்கு ஃபைபர் இழுத்திருக்கார்.

போன வருஷம் என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே. நம்ம பெட்டியிலயும் கேட்ட படம் கேட்ட நேரத்துல வர்ற மாதிரி பண்ண முடியுமா?" நான் ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல. "அந்த 110 வீட்டுல கேபிளைக் கழட்டிடுங்க மாமா. சேனல், படம் எல்லாத்தையும் இன்டர்நெட்லயே விட்டுடலாம். ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி போதும்"னு சொல்லிட்டேன்.

110 வீட்டுலயும் பெட்டி மாறிச்சு. முதல் பத்து நாள் அருமையா ஓடிச்சு. பதினோராவது நாள் ஐபிஎல் மேட்ச். கடைசி நாலு ஓவர்ல எல்லா வீட்டு டிவியிலயும் சக்கரம் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. மாமாவோட போன் அடிக்கறது நிக்கவே இல்ல. அந்த வாரமே பதினாலு வீடு கனெக்‌ஷனை வேண்டாம்னுட்டாங்க. 300 வீட்டை நம்பிக் குடும்பம் நடத்தறவருக்கு பதினாலுங்கறது சின்ன நம்பர் இல்ல.

சரி, நான் எங்க சறுக்கினேன்?

பஸ்ஸும் ஆட்டோவும்

லைவ் சேனல்ங்கறது பஸ் மாதிரி. ஒரே நேரம், ஒரே ரூட், எல்லாரும் அதுலயே ஏறிக்கலாம். கேபிள்ல ஒரு சேனல் ஒரே ஒரு தடவைதான் கிளம்புது. அதை பத்து வீடு பார்த்தாலும் பத்தாயிரம் வீடு பார்த்தாலும் கம்பியில அது எடுத்துக்கற இடம் ஒண்ணுதான்.

கேட்ட படம் கேட்ட நேரத்துலங்கறது ஆட்டோ. உங்களுக்குப் படம் 9 மணிக்கு ஆரம்பிக்கணும், பக்கத்து வீட்டுக்கு 9:07-க்கு. நடுவுல நீங்க நிறுத்திட்டு சாப்பிடப் போவீங்க. அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் தனி காப்பி போகணும்.

ஓடிடி ஆப்ல லைவ் மேட்ச் பார்த்தா, அதுவும் பெரும்பாலும் தனித்தனி காப்பியாத்தான் வருது. ஒரு எச்டி ஓட்டத்துக்கு சுமாரா 5 எம்பிபிஎஸ்னு வைங்க. 110 வீட்டுக்கு 550. மாமாவோட லைன் 500. வீட்டுல இருக்கற போனையெல்லாம் இன்னும் கணக்குலயே சேர்க்கல. அதாவது, பஸ்ல போக வேண்டிய கூட்டத்தை நான் ஆளுக்கொரு ஆட்டோவுல ஏத்தி விட்டிருக்கேன்.

நெட்வொர்க் தெரிஞ்சவங்க உடனே கேப்பீங்க: "மல்டிகாஸ்ட் இருக்கே?" இருக்கு. ஒரு காப்பியை மட்டும் அனுப்பி, கிளை பிரியற இடத்துல பெருக்கிக்கற முறை அது. நிஜமான ஐபிடிவி அப்படித்தான் ஓடுது. ஆனா அதுக்கு சேனல்கள் அந்த வடிவத்துல கைக்கு வரணும், வழியில இருக்கற எல்லா ஸ்விட்ச்சும் ஒழுங்கா ஒத்துழைக்கணும். கேபிள்காரர்கிட்ட ஏற்கெனவே அதே வேலையைப் பார்க்கற சிக்னல் இருக்கும்போது, எதுக்கு இந்த வேலை?

அப்ப படத்தையும் கேபிள்லயே விட்டா?

நம்ம ஊர் டிஜிட்டல் கேபிள்ல, 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசையில, 256 க்யூஏஎம் முறையில சுமாரா 50 எம்பிபிஎஸ் போகும். அதாவது பத்து எச்டி ஓட்டம். அதுல பத்து சேனலை விட்டா ஊருக்கே பத்து சேனல். ஆளுக்கொரு படம்னு விட்டா பத்தே பத்து வீட்டுக்குத்தான். பதினோராவது வீடு காத்திருக்கணும். இன்னொரு சிக்கல், பழைய கேபிள் லைன் பல இடத்துல ஒருவழிப் பாதை. "எனக்கு இந்தப் படம் போடு"ன்னு ரிமோட்ல அமுக்கினா, அந்தச் செய்தி திரும்பிப் போகவே வழி இருக்காது.

அமெரிக்காவுல இதை எப்பவோ செஞ்சு பார்த்துட்டாங்க. 1994 டிசம்பர்ல டைம் வார்னர், ஃப்ளோரிடாவுல ஆர்லாண்டோ பக்கம் 'ஃபுல் சர்வீஸ் நெட்வொர்க்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சிலிக்கான் கிராஃபிக்ஸ் சர்வர், வீட்டுல ஒரு கம்ப்யூட்டருக்குச் சமமான பெட்டி, கேட்ட படம் உடனே. இலக்கு 4,000 வீடு. தொழில்நுட்பம் வேலை செஞ்சுது, ஒரு வீட்டுக்கு ஆன செலவுதான் கட்டுப்படியாகல. 1997-ல மூடிட்டாங்க.

ஒரே ஃபைபர்ல மூணு நிறம்

மேட்ச் பிரச்சினைக்கு அப்புறம்தான் நான் மாமாவோட கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து அவர்கிட்டயே பாடம் கேட்டேன். அவர் வீடுகளுக்குப் போட்டிருக்கற ஃபைபர் ஜிபான் வகை. அதுல கீழ வர்ற இன்டர்நெட் 1490 நானோமீட்டர் ஒளியில வருது, மேல போறது 1310-ல போகுது. 1550 நானோமீட்டர்ல கேபிள் டிவி சிக்னலை அப்படியே ஏத்தி விடலாம். கண்ணுக்குத் தெரியாத மூணு நிறம், ஒரே கண்ணாடி இழை, ஒண்ணோட ஒண்ணு மோதாது. வீட்டுல இருக்கற ஓஎன்யு பெட்டியில டிவிக்குன்னு தனி போர்ட் இருந்தா, அங்கிருந்து கேபிள் சிக்னலை எடுத்துக்கலாம்.

அதாவது ஹைபிரிட்டுக்கு வேண்டிய ரோடு முக்கால்வாசி ரெடியா இருந்துச்சு. நான் போய் அதைக் கழட்டச் சொல்லியிருக்கேன்!

ஹைபிரிட் செட்டாப் பாக்ஸ்ல ரெண்டும் இருக்கும்: கேபிள் ட்யூனர், இன்டர்நெட். சேனல் வெச்சா ட்யூனர்ல இருந்து எடுக்கும், படம் கேட்டா இன்டர்நெட்ல இருந்து எடுக்கும். பார்க்கறவங்களுக்கு ஒரே ரிமோட், ஒரே மெனு. எது எந்த வழியா வருதுன்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது.

ராத்திரி ஒன்பது மணிக் கணக்கு

எல்லாரும் பயப்படறது வீட்டு வாசல் வரைக்கும் வர்ற லைனைப் பத்தி. அங்க நெருக்கடி கம்மி. ஜிபான் ஒரு போர்ட்ல கீழ வர்றது சுமாரா 2.5 ஜிபிபிஎஸ். 64 வீட்டுக்குப் பிரிச்சாலும், எல்லாரும் ஒரே நேரத்துல பார்த்தாலும், வீட்டுக்கு 38 எம்பிபிஎஸ் தேறும். 4கே படத்துக்கே அது போதும்.

நெருக்கடி, ஆபரேட்டர் மேல இருந்து வாங்கற லைன்லதான். அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்கு. லைவ் எல்லாம் 1550-க்குப் போயிட்டதால, இப்ப தனித்தனி படம் பார்க்கறவங்களை மட்டும் கணக்குல எடுத்தா போதும். நாலுல ஒரு வீடு ஒரே நேரத்துல பார்க்குதுன்னு வெச்சா 28 வீடு, 140 எம்பிபிஎஸ். அதே 500 லைன், இப்ப மூச்சு விடுது.

பெரிய நெட்வொர்க்குகள் இன்னொரு படி போறாங்க. நெட்ஃப்ளிக்ஸ் 2012-ல இருந்து 'ஓப்பன் கனெக்ட்'னு தன்னோட சர்வரை இன்டர்நெட் கம்பெனிகளோட நெட்வொர்க்குக்கு உள்ளயே வைக்குது. கூட்டம் இல்லாத நேரத்துல படங்களை அதுல நிரப்பிடுவாங்க. சாயங்காலம் நீங்க கேக்கற படம் உங்க ஊர் பக்கத்துல இருந்தே வரும். மாமா அளவு ஆளுங்களுக்கு அந்த சர்வர் கிடைக்காது. அதனால அவரோட ஒன்பது மணிக் கணக்கை அவரேதான் போட்டாகணும்.

பெட்டி வாங்கறப்ப நான் இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். மலிவான ஆண்ட்ராய்டு பெட்டி நிறையதுல 'ஒய்டுவைன் எல்1' சான்று இருக்காது. படம் திருடு போகாம இருக்க வைக்கற பூட்டு அது. அது இல்லன்னா பல ஓடிடி ஆப் எச்டியே தராது, லைன் எவ்வளவு வேகமா இருந்தாலும் படம் மங்கலாத்தான் வரும். கஸ்டமர் திட்டறது பெட்டி கம்பெனியை இல்ல, மாமாவை.

இப்ப நிலவரம்? லைவ் முழுக்க கேபிளுக்குத் திரும்பியாச்சு. முதல்ல 40 வீட்டுக்கு மட்டும் ஹைபிரிட் பெட்டி. பெட்டிக்கு வைஃபை வேண்டாம், லேன் வயர்தான்னு மாமாவே சட்டம் போட்டுட்டார். போன பதினாலு வீட்டுல அஞ்சு திரும்பி வந்திருக்கு. மீதி ஒன்பதை எண்ணி இன்னும் எனக்குத் திட்டு விழுது.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு டிவிக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. பெட்டிக்குள்ள எத்தனை வயர் போகுது, எது எங்க இருந்து வருதுன்னு பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.