அப்பாவுக்கு ஒரு கணினிச் சான்றிதழ்: எதைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர்களே, பாகான் செராயில் பொழுது விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் புறப்பட்டுவிடும். பிறை, பத்து காவான் பக்கம் வேலைக்குப் போய்வரும் அப்பாவோ சித்தப்பாவோ உங்களில் சிலருக்கு இருக்கலாம். இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர், 42 வயதில் "கணினித் துறைக்கு மாறலாமா?" என்று யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் யாரைக் கேட்பார்? வீட்டில் கணினி தெரிந்த உங்களைத்தான்.

கைப்பேசியில் தேடினால் சான்றிதழ்ப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். எல்லாமே 'தொடக்க நிலை' என்றுதான் சொல்லும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் நட்டம் சிறியதல்ல. காம்டியா ஏ பிளஸ் சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். அமெரிக்க விலைப்படி இரண்டுக்கும் சேர்த்து 500 டாலருக்கு மேல் ஆகிறது. நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைவிட அது அதிகம். தோற்றால் மறுபடியும் பணம் கட்டித்தான் எழுத வேண்டும்.

ஆகவே சான்றிதழின் பெயரைப் பார்க்கும் முன், அது எதைச் சோதிக்கிறது என்று பார்ப்போம்.

ஏ பிளஸ் தேர்வு ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள் வரும். கணினியின் பாகங்கள், இயங்குதளம், அச்சுப்பொறி, கம்பியில்லா இணைப்பு எல்லாம் உண்டு. அதன் முதுகெலும்பு பழுது கண்டுபிடிக்கும் முறை. முதலில் கோளாறு என்ன என்று விசாரிக்க வேண்டும். பிறகு காரணத்தை ஊகித்து, அந்த ஊகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதன்பின் திட்டமிட்டுச் சரிசெய்து, முழுதாக ஓடுகிறதா என்று பார்த்து, செய்ததை எழுதி வைக்க வேண்டும். அப்பா இயந்திரத்தின் முன் நின்று இத்தனை ஆண்டுகளாகச் செய்ததும் இதுதானே! பாகங்களின் பெயர்தான் அவருக்குப் புதிது. சிந்திக்கும் முறை பழகியது. பராமரிப்பு வேலையிலிருந்து வருபவருக்கு இதுதான் பக்கத்துக் கதவு என்பேன்.

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. வேறு வகை. அது வலையமைப்புத் தேர்வு. கட்டணம் 300 டாலர். வலையமைப்பைப் புரிந்துகொள்ள நம் ஊர் வயல்காடே போதும். 1906-இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தில், புக்கிட் மேரா ஏரியின் நீர் பெரிய வாய்க்காலில் வந்து, கிளை வாய்க்கால்களில் பிரிந்து வயலுக்குப் போகிறது. எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மதகு தீர்மானிக்கிறது. வலையமைப்பில் அந்த மதகு வேலையைச் செய்வது ரூட்டர். ஒரு வித்தியாசம் உண்டு: நீருக்குத் தான் எந்த வயலுக்குப் போகிறோம் என்று தெரியாது. தரவுப் பொட்டலம் ஒவ்வொன்றும் போய்ச் சேரவேண்டிய முகவரியைச் சுமந்தே போகிறது.

அந்த முகவரி 32 இரும இலக்கங்களால் ஆனது. ஒரு வலையமைப்பின் பின்னால் /26 என்று எழுதியிருந்தால், முதல் 26 இலக்கங்கள் வலையமைப்பைக் குறிக்கும். மிச்சம் 6 இலக்கங்கள் கருவிகளுக்கு. இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64. அதில் முதல் எண் வலையமைப்பின் சொந்த முகவரி. கடைசி எண் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப. ஆக, 62 கருவிகளை இணைக்கலாம். இந்தக் கணக்கைக் கண்டு பெரியவர்கள் பலர் மிரண்டு போகிறார்கள். படிவம் 4 கணிதத்தில் 'அசாஸ் நொம்போர்' படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அப்பாவுக்கு ஆசிரியராக நீங்களே உட்காரலாம்.

மைக்ரோசாப்ட்டின் ஏ.இசட்.-900, அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் ஆகியவை மேகக் கணிமையின் அடிப்படைச் சொற்களையும் சேவைகளையும் சோதிப்பவை. அறிமுகத்துக்கு நல்லவை. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொழில்நுட்பர் வேலை கேட்டால் கிடைப்பது கடினம். இணையப் பாதுகாப்பில் புகழ்பெற்ற சி.ஐ.எஸ்.எஸ்.பி.யைச் சிலர் முதல் படியாக எண்ணுகிறார்கள். தேர்வில் தேறினாலும், அந்தத் துறையில் 5 ஆண்டு வேலை அனுபவம் காட்டினால்தான் அந்தச் சான்றிதழ் முழுமையாகக் கிடைக்கும்.

உள்நாட்டுப் பாதையும் ஒன்று உண்டு: எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். வேலை அனுபவத்தையே ஆதாரங்களுடன் காட்டி மதிப்பீடு பெறும் 'பி.பி.தி.' முறையும் அதில் இருக்கிறது. அப்பா தன் பராமரிப்புத் திறனுக்கு இதைப் பெற்றுவிட்டால், புதிய துறைக்கு வெறுங்கையோடு போகவேண்டியதில்லை.

இனி, பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் உட்காருங்கள். மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பாகான் செராயிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள இருபது வேலை விளம்பரங்களைப் படித்து, எந்தச் சான்றிதழ் எத்தனை முறை கேட்கப்படுகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். கோலாலம்பூருக்குக் குடிபெயரச் சம்மதமா என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. பிறகு சிஸ்கோவின் 'பேக்கட் டிரேசர்' என்ற இலவசப் பாவனை மென்பொருளில் இரண்டு வாரம் பழகட்டும். அதில் மனம் ஒட்டவில்லை என்றால் 300 டாலர் மிச்சம்! 'உண்மையான தேர்வுக் கேள்விகள்' என்று விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும்.

ஏ பிளஸ், சி.சி.என்.ஏ. இரண்டையும் தமிழிலோ மலாயிலோ எழுத முடியாது. ஆங்கிலத்தில் வாசிக்கும் வேகமும் வேண்டும். இரண்டும் 3 ஆண்டுகளில் காலாவதியாகும், ஏ.இசட்.-900-க்குக் காலாவதி இல்லை.

ஆட்குறைப்பில் வேலை போயிருந்தால், 2018 முதல் நடப்பில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தின்கீழ் பெர்கேசோவிடம் விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்கான உதவியும் அதில் அடங்கும். வேலை இழந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். தானாக வேலையை விட்டவருக்கு அது கிடைக்காது. எனவே, அப்பா விலகல் கடிதம் எழுதும் முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.