என்புப் புற்றுநோயும் நுண் ஆர்.என்.ஏ.க்களும்

பிள்ளையொன்று முழங்கால் நோவென்று முறையிட்டால், விளையாட்டில் பட்ட அடியென்றோ வளரும் வயதின் நோவென்றோ கருதி எண்ணெய் பூசி வாரங்களைக் கடத்துவது எமது வீடுகளில் வழமையே. பெரும்பாலும் அது சாதாரண நோவாகவே இருந்துவிடுகின்றது. ஆயினும், அரிதாகச் சிலரில் அதுவே ஒஸ்ரியோசார்கோமா எனப்படும் என்புப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகிவிடுகின்றது. பதின்ம வயதினரை அதிகமாகத் தாக்கும் இந்நோய், முழங்காலைச் சூழவுள்ள என்புகளிலேயே கூடுதலாகத் தோன்றுகின்றது.

காலிலுள்ள கட்டியை விட, அதிலிருந்து நுரையீரலுக்குப் பரவும் கலங்களே உயிரைப் பறிக்கின்றன. பரவுமுன் கண்டறியப்படுவோரில் 10 பேருக்கு 6 அல்லது 7 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். பரவிய பின்னரோ அத்தொகை 3 பேருக்கும் குறைவாகிவிடுகின்றது. 1980களின் பின்னர் இந்நிலையில் பெரிய முன்னேற்றம் ஏற்படவில்லை என்பதே வேதனைக்குரியது.

இப்பரவலின் காரணத்தைத் தேடுவோரின் கவனம் இன்று நுண் ஆர்.என்.ஏ.க்களின் மீது திரும்பியுள்ளது. 1993இல் விக்டர் அம்ப்ரோஸ், கரி ருவ்குன் ஆகியோர் ஒரு சிறு புழுவில் கண்டறிந்த விடயம் இது. அதற்கான நோபல் பரிசு 2024இலேயே கிட்டியது. பரம்பரையலகின் கட்டளையைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.யில், ஏறத்தாழ 22 எழுத்துகளே நீளமான இத்துணுக்குகள் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைத் தடுக்கின்றன. சிறுகச் சொல்வதாயின், இவை கலத்தின் கடிவாளங்கள்.

கடிவாளம் தளர்ந்தாலும் கேடு, தவறான இடத்தில் இறுகினாலும் கேடு. பி53 என்னும் காவற் புரதத்தின் ஏவலில் செயற்பட்டுக் கலப்பெருக்கத்தை அடக்கும் மிர்-34ஏ, என்புப் புற்றுநோயில் குறைந்து காணப்படுகின்றது. மறுபுறம் மிர்-21 மிகைப்படுகின்றது. இழையங்களைக் கரைக்கும் நொதியங்களைக் கட்டுப்படுத்தும் ரெக் என்ற புரதத்தை அது ஒடுக்குவதால், புற்றுக்கலங்கள் அயலை ஊடுருவிச் செல்ல வழி திறக்கின்றது.

அவ்வாறாயின், குறைந்ததை மருந்தாக ஊட்டினால் என்ன? அம்முயற்சியும் நடந்தது. மிர்-34ஏயைப் போலச் செயற்படும் எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற மருந்து, ஈரல் புற்றுநோய் முதலியவற்றால் பீடிக்கப்பட்டோரில் 2013 முதல் பரீட்சிக்கப்பட்டது. நோயாளரின் நிர்ப்பீடனத் தொகுதி கடுமையாக எதிர்வினை காட்டியதால் 2016இல் அது கைவிடப்பட்டது. ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளைத் தொடவல்லது. அதன் வலிமையும் அபாயமும் அதுவே. குருதியிலுள்ள நுண் ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு நோய் பரவுவதை முன்கூட்டியே அறியும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. அவை இன்னும் வைத்தியசாலையின் வழமைப் பரிசோதனையாகவில்லை.

'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்பிடும் பழக்கம் எம்போன்ற பத்திரிகையாளருக்கும் உண்டு. அத்தகைய தலைப்பை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெற்றோருக்கு நாம் கூறக்கூடியது, இரசாயன சிகிச்சையும் சத்திரசிகிச்சையுமே இன்றும் இந்நோய்க்கான பிரதான வழி என்பதாகும். இரவில் உறக்கம் கலைக்கும் நோவும் குறையாத வீக்கமும் சில வாரங்கள் நீடித்தால், முதலில் வேண்டியது ஓர் எக்ஸ்ரே படம். அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை.