ஸ்மார்ட் பிளக்: எந்தக் கருவிக்கு ஆகும், எதற்கு ஆகாது?

சிகிச்சை முடிந்து திருப்பாலைவனம், பழவேற்காடு, ஆண்டார்மடம் முதலிய ஊர்களுக்குத் திரும்பும் முதியோர் பலரின் பிள்ளைகள் வெளியூர்களில் வேலை பார்க்கின்றனர். பெற்றோருக்கென்று அவர்கள் வாங்கி அனுப்பும் பொருள்களுள் ஸ்மார்ட் பிளக்கும் இப்போது சேர்ந்துவிட்டது. சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் இதைச் செருகி, இதில் மின்கருவியை இணைத்துவிட்டால், கைபேசி வழியாக எங்கிருந்தும் அக்கருவியை இயக்கலாம்; நிறுத்தலாம். எழுந்து நடக்க இயலாதவர் படுத்தபடியே இரவு விளக்கையோ மேசை மின்விசிறியையோ போட்டுக்கொள்ள இது பேருதவி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. வெந்நீர்க் கருவிக்கும் ஆக்சிஜன் இயந்திரத்திற்கும் இதைப் பயன்படுத்தலாமா என்பதுதான் கேள்வி.

இதன் உள்ளே இருப்பது ரிலே எனப்படும் சிறியதொரு சுவிட்சே. அது தாங்கக்கூடிய மின்னோட்டம் பிளக்கின் மேல் ஆம்பியரில் அச்சிடப்பட்டிருக்கும். நம் நாட்டில் பெரும்பாலும் 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என இரு வகைகள் விற்கப்படுகின்றன. கருவியின் வாட் அளவை 230ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் தெரிந்துவிடும். 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியரும், 3,000 வாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். 8.7 என்பது பத்துக்குள் அடங்குகிறதே எனலாம். எல்லையை ஒட்டி நெடுநேரம் மின்சாரம் பாயும்போது தொடுமுனைகள் சூடேறிக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் அங்கே தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே அச்சிட்ட அளவில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது எங்கள் அறிவுரை. அதன்படி 10 ஆம்பியர் பிளக்குக்கு 1,700 வாட், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2,700 வாட் என்று நினைவில் கொள்ளலாம். சுவரிலுள்ள பாயிண்டும் அதே திறனுடையதாக இருக்க வேண்டும். மின்விசிறிக்கான சிறிய 6 ஆம்பியர் பாயிண்டில் கன்வெர்ட்டரை மாட்டி அதன்மேல் பெரிய கருவியைச் செருகுவது பல வீடுகளில் காணும் வழக்கம். தீ விபத்துக்கு அதைவிட எளிய வழி வேறில்லை. ஏ.சி., தண்ணீர் மோட்டார் ஆகியவை தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பவை. அவற்றைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

ஏரியை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றுகிறது. களிம்பேறிய இடத்தில் மின்தடை கூடும். அங்கே வெப்பமும் கூடும். நகரத்து வீட்டில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பிளக் இங்கே விரைவில் தளர்ந்துவிடலாம். கருவி அரை மணி நேரம் இயங்கிய பின் பாயிண்டின் சுவிட்சை அணைத்து, பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், கருகிய வாடை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தப் பிளக்கை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

எங்களை மிகவும் கவலையுறச் செய்வது வாளியில் இடும் ஹீட்டர் கம்பிதான். 1,500 வாட் கம்பி ஆம்பியர் கணக்கில் தேறிவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அம்மா குளிக்கட்டும் என்று மகன் தொலைவிலிருந்து கைபேசியைத் தொடுகிறார். அதே நொடியில் தாயின் கை வாளி நீருக்குள் இருக்கலாம். வாளியில் நீரே இல்லாமலும் இருக்கலாம். கருவியின் அருகில் நிற்காத ஒருவர் அதை இயக்கவே கூடாது. அணைத்துவிட்டோம் என்று கைபேசி காட்டுவதையும் நம்பிவிட வேண்டாம். மிகுந்த மின்னோட்டத்தால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், திரையில் அணைந்ததாகத் தோன்றும். கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். மேலும், ஸ்மார்ட் பிளக் பொதுவாக ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. பாயிண்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அணைத்த பின்னும் கருவியில் மின்சாரம் நிற்கும். எர்த் துளை மேலே இருக்க, வலப்புறத் துளையில்தான் டெஸ்டர் ஒளிர வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் உள்ளதா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். எதுவாயினும், பிளக்கைக் கையால் பிடுங்கிய பிறகே நீரைத் தொட வேண்டும்.

மருத்துவக் கருவிகளுக்கு வருவோம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டிகள் பல வீடுகளுக்குள் வந்தன. ஐந்து லிட்டர் கருவி சில நூறு வாட் மின்சாரமே எடுக்கும். ஆயினும் அதை ஸ்மார்ட் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ இணைக்காமல், நேராகச் சுவர்ப் பாயிண்டில் செருக வேண்டும். காரணம் மின்வெட்டு. மின்சாரம் போய்த் திரும்பும்போது ஸ்மார்ட் பிளக்குகள் சில முன்பிருந்த நிலைக்கு வரும். சில அணைந்தே நிற்கும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆகிய புயல்களின்போது மின்சாரமும் கைபேசித் தொடர்பும் சேர்ந்தே போனதை இப்பகுதியினர் அறிவர். நள்ளிரவில் மின்சாரம் வந்தும் பிளக் விழிக்காவிட்டால், உறங்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் கிடைக்காது. கருவி ஒலி எழுப்பினாலும் காது மங்கியவர் எழுந்திருப்பாரா? சளி உறிஞ்சும் கருவி, உறக்கத்தில் அணியும் சிபாப், படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்றுப் படுக்கை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. இன்சுலின் வைத்த குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். கைபேசியில் விளையாடும் பேரனின் விரல் பட்டு அது அணைந்தால், கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நன்றாகவே தோன்றக்கூடும்.

புதிதாக வாங்குவோர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை அல்லது பதிவு எண் உள்ளதா என்று பார்க்கட்டும். பிளக்கில் புகையோ தீப்பொறியோ கண்டால் அதைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரை ஊற்ற வேண்டாம். ஆக்சிஜன் பெறுபவரை உடனே அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. இவ்விரு எண்களையும் கைபேசியில் மட்டும் வைக்காமல் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.