எடை குறைந்த மரமும் உறுதியான இறக்கையும்

மரங்களுள் மிகவும் எடை குறைந்தவற்றுள் ஒன்று பால்சா. தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் இது மிகுதியாக வளர்க்கப்படுகிறது. ‘பால்சா’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்பது பொருள். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோகிராம். அதே அளவு உலர்ந்த பால்சாவின் எடையோ ஏறத்தாழ 160 கிலோகிராம்தான். ஆகவே, மின்மோட்டாரால் பறக்கும் மாதிரி விமானங்களைச் செய்வோர் இம்மரத்தைப் பெரிதும் விரும்புகின்றனர்.

தரையில் நிற்பவர் ரேடியோ அலைகள் வழியாக இயக்கும் இவ்விமானம், மோட்டாரையும் மின்கலத்தையும் சுமந்து பறக்க வேண்டும். திண்ணிய மரக்கட்டையில் இறக்கையைச் செதுக்கினால் எடை கூடிவிடும். எனவே, முதலில் எலும்புக்கூடு போன்ற சட்டகம் அமைக்கப்படுகிறது. இறக்கையின் நீளவாக்கில் செல்லும் கட்டைகள் முதுகெலும்பாக அமைகின்றன. அவற்றின் குறுக்கே, வளைந்த வடிவில் வெட்டிய மெல்லிய துண்டுகள் விலா எலும்புகளைப் போல நிறுத்தி ஒட்டப்படுகின்றன.

இச்சட்டகம் மேலும் கீழும் வளையாமல் தாங்கும்; ஆனால், ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் திருகிக்கொள்ளும். அக்குறையைத் தீர்ப்பதே பலகை போர்த்துதல். முன்விளிம்பு முதல் நடுக்கட்டை வரை, மேற்புறமும் கீழ்ப்புறமும் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பால்சா மென்பலகை ஒட்டப்படுகிறது. பலகையின் வெளிப்புறத்தை நனைத்தால் அப்பக்கம் விரிந்து, பலகை எளிதில் வளைந்துகொடுக்கும். ஒட்டியபின் இறக்கையின் முன்பகுதி மூடிய குழாய் போலாகிறது. விரித்த தாளை எளிதில் முறுக்கலாம். அதையே குழலாகச் சுருட்டி ஒட்டினால் முறுக்குவது கடினம். இறக்கை உறுதி பெறுவதும் இவ்வாறே.

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. இறக்கை சற்றே திருகியிருக்கும்போது பலகையை ஒட்டிவிட்டால், அக்கோணல் நிலைத்துவிடும். பறக்கும்போது விமானம் ஒரு பக்கமாகச் சாயும். கோணலைத் தடுக்கும் பலகையே கோணலைக் காத்துநிற்கவும் கூடும். ஆதலால், சமதளப் பலகைமீது குண்டூசிகளால் இறக்கையைப் பொருத்தி, பசை நன்கு காயும்வரை அசைக்காமல் வைப்பர். பசையையும் மிகுதியாகப் பூசுவதில்லை. காய்ந்த பசையும் சுமையே.

இந்நுட்பம் மாதிரி விமானங்களுக்கு மட்டும் உரியதன்று. 1940ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் ‘மாஸ்கிட்டோ’ போர் விமானத்தின் உடற்பகுதி, மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது. உறுதி என்பது பொருளின் மிகுதியால் மட்டும் வருவதன்று; அதை அமைக்கும் முறையாலும் வருவது.

சிந்தித்து விடையளிக்க:

1. இறக்கையைத் திண்ணிய கட்டையில் செதுக்காதது ஏன்?
2. ‘கோணலைத் தடுக்கும் பலகையே கோணலைக் காத்துநிற்கவும் கூடும்’ – விளக்குக.