பிளொப்பிகளைக் காப்பாற்றினால் மட்டும் போதாது

ஆர்தர் சி. கிளார்க் '2010: ஒடிசி டூ' நாவலைக் கொழும்பில் இருந்துதான் எழுதினார். ஆர்கைவ்ஸ் 3 என்ற நுண்கணினியில், வேர்ட்ஸ்டார் மென்பொருளில் எழுதிய நாவல் முழுவதும் ஒரேயொரு ஐந்து அங்குல டிஸ்கெட்டில் அடங்கி நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்க செய்மதி நிலையம் வழியாகச் சென்றன. நாவல் வெளிவந்த ஆண்டு 1982. அதைப் படமாக்கிய பீட்டர் ஹயம்ஸும் கிளார்க்கும் கொழும்பில் ஒன்றும் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒன்றுமாக இரண்டு கேப்ரோ கணினிகளை வைத்துக்கொண்டு கடிதம் பரிமாறினார்கள்.

கணினியில் எழுதும் வழக்கம் நம் தீவில் அவ்வளவு பழையது. அப்படி எழுதியவை இன்றைக்கும் திறக்குமா என்பதுதான் என் கவலை. வேர்ட்ஸ்டாரின் பழைய பதிப்புகள் சொற்களின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும். அந்தக் கோப்பை இன்றைய நோட்பேடில் திறந்தால் சொற்களெல்லாம் வால் சிதைந்து கிடக்கும். எழுதிய மென்பொருள் பக்கத்தில் இருந்தால்தான் அது நாவல். கனடிய அறிபுனை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் 2024இல் வேர்ட்ஸ்டார் 7ஐ எமுலேட்டரோடும் கையேடுகளோடும் ஒரே பொதியாக வெளியிட்டதற்கும் இதுவே காரணம்.

சிலாபத்தில் இதே சிக்கல் பாமினியாக வந்து நிற்கிறது. முன்னேஸ்வரத் திருவிழாத் துண்டுப்பிரசுரம், உடப்புத் தீமிதிப்பு விழா அழைப்பிதழ், பாடசாலை மலர், கலியாண அட்டை, மரண அறிவித்தல் என்று யூனிக்கோட் பரவும்வரை இந்தப் பக்கத்தில் தமிழில் தட்டச்சு செய்தவர்களின் கைக்குப் பழகிய எழுத்துரு அதுதான். பாமினிக் கோப்பில் உண்மையில் தமிழே கிடையாது. 'தமிழ்' என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் பதிந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் நமக்குத் தெரிவதும் அந்த ஐந்து குறிகள்தாம். ஆக, அச்சகக்காரர் ஒருவரின் அலுமாரியில் இருந்து பிளொப்பிகளை மட்டும் எடுத்து வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் விண்டோஸ் 3.1உம் பாமினியும் அவற்றோடு கூடவே வர வேண்டும்.

டொஸ்பொக்ஸ் போன்ற எமுலேட்டர் அந்தக் காலத்துக் கணினியை இன்றைய மடிக்கணினிக்குள் நடித்துக் காட்டும். 2002இல் வந்த இந்த மென்பொருள் இலவசம். திறந்தவுடன் அதில் இருப்பது இசட் டிரைவ் மட்டும்தான். எந்தக் கோப்புறையை சீ டிரைவாகக் கொள்வது என்று 'மவுண்ட்' கட்டளையால் நாம் சொல்ல வேண்டும். உள்ளே ஓடும் மென்பொருளுக்கு அந்தக் கோப்புறையே முழு வன்தட்டு, அதற்கு வெளியே எதுவும் தெரியாது. சோம்பல்பட்டு உண்மையான சீ டிரைவையே மவுண்ட் செய்துவிடாதீர்கள். பழைய மென்பொருள் அழிப்பது நிஜமாகவே அழியும்.

டிரைவ் எழுத்தில் கவனம் வேண்டும். பேஜ்மேக்கர் பக்கத்தில் வைத்த படம் எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில் இருந்தது என்பதை அந்தக் கோப்பு நினைவில் வைத்திருக்கும். படங்கள் டீ டிரைவில் இருந்திருந்தால், எமுலேட்டரிலும் அதே உள்ளடுக்கோடு டீயாகவே மவுண்ட் செய்யுங்கள். மாறினால் இணைப்பு அறுந்து, படம் எங்கே என்று மென்பொருள் நம்மையே கேட்கும்.

இந்த வேலைக்காக நான் ஒவ்வொரு பிளொப்பிப் பெட்டிக்கும் மூன்று கோப்புறைகள் வைக்கிறேன். முதலாவதில் மூலம்: பிளொப்பியைப் பகுதி பகுதியாகப் படித்தெடுத்த பிம்பக் கோப்பு. இதைப் படிக்க மட்டும் அனுமதித்துவிட்டு, பிறகு தொடுவதில்லை. இரண்டாவதில் பிரதி. எமுலேட்டருக்குக் கொடுப்பதும் கெடுத்துப் பார்ப்பதும் இதைத்தான். மூன்றாவதில் யூனிக்கோட்டுக்கு மாற்றியவை. மூலத்திலும் பிரதியிலும் ஒவ்வொரு பிளொப்பிக்கும் தனி இடம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், 'கடிதம்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு டிஸ்க்குகளில் இருந்த கோப்புகளில் கடைசியாக வந்தது மட்டுமே மிஞ்சும்.

பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது. டொஸ் அறிந்தது எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்து ஒட்டும்தான். தமிழ்ப் பெயரும் நீண்ட பெயரும் அதற்கு ஒத்துவராது. ஆகவே விவரம் முழுவதையும் தமிழில் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கிறேன்: டிஸ்க்கின் லேபிளில் பேனாவால் எழுதியிருந்தது என்ன, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்த டிரைவ். பக்கத்தில் லேபிளின் படமும் இருக்கும்.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அன்றைய முறையில் கோப்பை அழித்தால் பெயரின் முதல் எழுத்து மாறி, அதன் இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, உள்ளடக்கம் மேலே வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். பிம்பத்தில் அதுவும் சேர்ந்து வரும். 1.44 எம்பி பிளொப்பியின் பிம்பம் எப்போதும் 14,74,560 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் வாசிப்பு பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். பல டிஸ்க்குகளில் வந்த மென்பொருளை நிறுவ, பிம்பங்களை வரிசையாக ஏ டிரைவுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த டிஸ்க்கைக் கேட்கும்போது கன்ட்ரோலையும் எஃப்4ஐயும் சேர்த்து அழுத்தினால் போதும்.

கடற்கரை ஊரில் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. ஈரக்காற்றில் டிஸ்க்கின் பரப்பில் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப் பிடித்ததை டிரைவில் போட்டால் டிரைவின் தலையும் அழுக்காகி அடுத்த டிஸ்க்கைக் கீறும். ஷட்டரை விலக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எழுதுவதைத் தடுக்கும் மூலைத் துளையைத் திறந்துவிட்டே உள்ளே போடுங்கள். யூ.எஸ்.பி. டிரைவ்கள் மூன்றரை அங்குலத்தைத்தான் படிக்கும். ஐந்தேகால் அங்குல டிஸ்க் கிடைத்தால் அதற்குரிய பழைய டிரைவ் தேட வேண்டும்.

திருவிழா மலர், ஊர் வரலாறு போன்றவை கிடைத்தால் உரியவரின் சம்மதத்தோடு 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அறிவியுங்கள். யூனிக்கோட்டுக்கு மாற்றியதை மட்டும் கொடுக்காமல் மூலப் பிம்பத்தையும் பதிவேட்டையும் சேர்த்தே கொடுங்கள். வெறும் உரையாக மாற்றும்போது எது பாமினி, எது ஆங்கிலம் என்ற அடையாளம் போய்விடும். அழைப்பிதழில் ஆங்கிலத்தில் இருந்த வீதிப் பெயரும் பட்டமும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். அதைத் திருத்த வருபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலம் கையில் இருக்க வேண்டும்.