பூவை நம்பாதீங்க, இலையைப் பாருங்க! பனிமலை பாப்பிகளை அடையாளம் காண்பது எப்படி?

குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதை தெரியுமா? பாப்பி செடியின் விதைதான். அந்தக் கசகசாச் செடிக்குப் பங்காளிகள் சிலர், நெல்லும் புல்லும் முளைக்காத இடங்களில் வாழ்கிறார்கள். வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகள், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை... இவைதான் அவர்களின் வீடு.

எல்லாமே பார்ப்பதற்கு ஒரே சாயல். அதனால்தான் தாவரவியலாளர்களுக்கே இவை தலைவலி!

முதலில் பொதுவான அடையாளம்

கசகசாச் செடியில் தண்டு நெடுக இலை இருக்கும். இந்தக் குளிர்நாட்டு பாப்பிகளில் இலைகள் எல்லாம் தரையோடு கொத்தாக இருக்கும். நடுவிலிருந்து இலையே இல்லாத ஒற்றைக் காம்பு எழும்பும். அதன் நுனியில் ஒரே ஒரு பூ, 4 இதழ்கள். மொட்டின் மேல் ரோமம் அடர்ந்திருக்கும். காட்டு வகைகள் பெரும்பாலும் ஒரு சாண் உயரம்தான்.

துருவக் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. அங்குள்ள பாப்பி, கிண்ணம் போன்ற பூவைச் சூரியன் போகும் பக்கமெல்லாம் திருப்புகிறது. இதனால் பூவின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும். குளிர் காய வரும் பூச்சிகள் மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றன.

நிறம் ஏமாற்றும்

ஸ்வால்பார்டின் அடையாளப் பூவான ஸ்வால்பார்ட் பாப்பி, மஞ்சளாகவும் பூக்கும், வெள்ளையாகவும் பூக்கும். இரண்டும் ஒரே இனம்தான்.

ஆல்ப்ஸில் கதை தலைகீழ். அங்கே சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் வளரும் நான்கு வகைகளைப் பாருங்கள்:

• பர்சர் பாப்பி: வெள்ளைப் பூ, கொத்தமல்லித்தழை போல நுணுக்கமாகப் பிரிந்த இலை.
• செண்ட்னர் பாப்பி: வெள்ளைப் பூ, அகலமான மடல்கள் கொண்ட இலை.
• கெர்னர் பாப்பி: மஞ்சள் பூ, நுணுக்கமாகப் பிரிந்த இலை.
• ரேட்டிய பாப்பி: மஞ்சள் பூ, அகலமான மடல்கள் கொண்ட இலை.

பூவை மட்டும் பார்த்தால் இரண்டு வகை என்போம். குனிந்து இலையையும் பார்த்தால்தான் நான்கும் தெரியும். இவை தனித்தனி இனங்களா, ஒரே ஆல்ப்ஸ் பாப்பியின் கிளைகளா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

ஐஸ்லாந்து பாப்பி ஐஸ்லாந்துக்காரர் அல்ல!

விதைப் பாக்கெட்டுகளில் 'ஐஸ்லாந்து பாப்பி' என்று விற்கிறார்களே, அதன் பூர்வீகம் சைபீரியாவும் மத்திய ஆசியாவும்தான். ஐஸ்லாந்தின் சொந்தப் பூ வேறு. அந்த ஊர் மக்கள் அதை 'மெலசோல்' என்கிறார்கள். சிறிய மஞ்சள் பூ. அபூர்வமாக வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பூக்கும்.

தோட்டத்து பாப்பி இப்போது வேலி தாண்டி ஐஸ்லாந்தின் வெளிநிலங்களிலும் வளர்கிறது. ஆரஞ்சு நிறப் பூவைக் கண்டால் அது தோட்டத்து வகை என்று சொல்லிவிடலாம். மஞ்சளாக இருந்தால்தான் குழப்பம். அப்போது செடியின் உயரம், காயின் வடிவம், காயின் மேலுள்ள ரோமம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் குரோமோசோமை எண்ணினால் சந்தேகமே இருக்காது. தோட்டத்து வகைக்கு 14, ஐஸ்லாந்துப் பூவுக்கு 70. மனிதனுக்கே 46தான்!

இமயமலையின் நீலப் பூ?

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போனவர்கள் 'நீல பாப்பி'யைப் பார்த்திருக்கலாம். அது மெக்கனாப்சிஸ் என்ற வேறு பேரினம். காயைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கசகசா காயின் தலையில் தட்டையாக ஒரு மூடி ஒட்டியிருக்கும். துருவ, ஆல்ப்ஸ் பாப்பிகளுக்கும் அப்படித்தான். மெக்கனாப்சிஸ் காயிலோ உச்சியில் சிறு கழுத்துபோல ஒரு தண்டு நீளும்.

இதெல்லாம் எதற்கு?

பெயர் தெரியாத ஒன்றைக் காப்பாற்ற முடியாது. தோட்டத்துப் பூவை நாட்டுப் பூ என்று கணக்கெடுத்தால், 'நிறைய இருக்கிறதே' என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். உண்மையான நாட்டுப் பூ குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. பூமி சூடாகும்போது குளிரைத் தேடி மேலே ஏற, மலை உச்சியில் வாழும் செடிக்கு இடமும் இல்லை.

மலையேற்றம் போகிறீர்களா? பூவை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தரையோடு இருக்கும் இலை, பக்கவாட்டில் தெரியும் காய், செடி நிற்கும் இடம் என இன்னும் மூன்று படங்கள் எடுங்கள். இவை இருந்தால் நிபுணர்கள் பெயர் சொல்வது எளிது. பூவைப் பறிக்க மட்டும் வேண்டாம். ஸ்வால்பார்டில் அது சட்டப்படியே குற்றம்!